கை விட்டவன் யார்?

‘வாழாவெட்டி’ என்றொரு சொல் நம் நாட்டில் வழங்குகிறது. அகராதிக்குள் அடங்கிக் கிடக்கும் சொல் அன்று அது. குழாயடியிலும் திண்ணையிலும் திருமணப் பந்தலிலும் இன்றும் உலவும் சொல். கணவன் விட்டுப்போன பெண்ணுக்கு ஊர் சூட்டும் பட்டம். சூட்டுவோர் பொருளை எண்ணிப் பார்த்துச் சூட்டுவதில்லை. நாமேனும் எண்ணிப் பார்ப்போமே!

‘வாழா’ என்றால் வாழாத. ‘வெட்டி’ என்றால் பயனற்றது என்றே ஊர் பொருள் கொள்கிறது. வெட்டிப் பேச்சு, வெட்டி வேலை என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்த வெட்டி. வாழாதவள், வீணானவள்! ஒருவன் ஒரு செயலைச் செய்தான்; அதனால் ஒருத்திக்கு இந்நிலை வந்தது. அந்த ஒருவனைப் பற்றி இச்சொல்லில் ஓர் எழுத்தேனும் உண்டா? தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாலும் கிடையாது. ஊரறியக் கைப்பிடித்தவன், ஒருவரும் அறியாமல் பேருந்து ஏறியவன், சொல்லுக்கு வெளியே இறங்கி மறைந்து விட்டான். அவனுடைய செயல் அவளுடைய பெயராகி விட்டது.

விட்டுப்போன ஆணுக்குப் பெயர் என்ன என்று நண்பர் சிலரைக் கேட்டோம். தலையைச் சொறிந்தனர். ஒருவர் ‘ஓடுகாலி’ என்றார். அருகிலிருந்தவர் சிரித்தார், ஏனெனில் அச்சொல்லும் பெண்ணின்மீதே வீசப்படும் கல் என்பது அவருக்குத் தெரியும். வீட்டைவிட்டுப் போனவள் பெண்ணானால் அவள் ஓடுகாலி. போனவன் ஆணானால், வீட்டில் எஞ்சியவள் வாழாவெட்டி. போனாலும் இருந்தாலும் பட்டம் அவளுக்கே! மனைவியை இழந்த ஆணின் நிலைக்குத் ‘தபுதாரம்’ என்று பெயரிட்டுப் புறத்திணையில் இடம் ஒதுக்கியவர் தொல்காப்பியர். அத்தனை நுட்பம் வாய்ந்த மொழியில், மனைவியைக் கைவிட்ட ஆணுக்கு மட்டும் பெயர் பஞ்சம் வந்தது எப்படி?

இக்கேள்வியை நாம் நூலகத்திலிருந்து எடுத்து வரவில்லை. போடிநாயக்கனூரிலிருந்து எடுத்து வந்தோம்.

ஏலமலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. விடியுமுன்னே அங்கு ஜீப்புகள் உறுமுகின்றன. தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுகின்றனர். போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் திரும்புவர். ஏலச்செடி ஒரே நாளில் காய்த்து ஓய்வதன்று. தூரடியில் படரும் சரங்களில் முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். சில வாரம் கழித்து மீண்டும் அதே செடிக்கு வர வேண்டும். குனிந்த முதுகு நிமிராத வேலை. ஏறத்தாழ ஐந்து பங்கு பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்தால் ஒரு பங்கு ஏலக்காய் ஆகும். அதைக் கீழே போடியில் தரம் பிரிப்பவர்களும் பெண்களே. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காய் ஒரு குவியல், சிறுகாய் ஒரு குவியல், வெடித்தது ஒரு குவியல் என்று விரல் நுனியால் விதி எழுதுகின்றனர். பிறகு ஏலம் ஏலத்துக்குப் போகும். (முதல் ஏலம் நம்முடையது; இரண்டாம் ஏலம் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கிய சொல். இரண்டும் ஓரெழுத்தும் மாறாமல் ஒன்றாகிப் போன ஊர் போடி!)

மலையேறும் அப்பெண்களின் பேச்சைச் சற்றே செவிமடுத்தால் தெரியும், அவர்களுள் பலர் தனியொருத்தியாகக் குடும்பத்தைச் சுமப்பவர் என்பது. அவர்கள் கை ஓய்ந்தால் அடுப்பு ஓயும். அந்தக் கைகளைத்தான் ‘வெட்டி’ என்கிறது ஊர்.

அதே மலையில் இன்னொரு பெயரையும் கண்டோம். குரங்கணிக்கு மேலே உச்சியில் ‘டாப் ஸ்டேஷன்’ என்றோர் இடம். நிலையம் என்று பெயர்; தொடர்வண்டி கிடையாது. 1908இல் மூணாற்றிலிருந்து அங்குவரை சிறு இருப்புப்பாதை ஒன்று அமைந்தது. தேயிலைப் பெட்டிகள் உச்சிவரை வண்டியில் வந்து, கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குச் செல்லும். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பாதையை வாரிக்கொண்டு போயிற்று. மீண்டும் அதை எவரும் போடவில்லை. பெயர் மட்டும் நிற்கிறது, கணவன் போன பின்னும் கழுத்தில் கிடக்கும் தாலியைப் போல. ஆனால் இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்: நிலையத்துக்கு என்ன ஆயிற்று என்று எவரையும் கேளுங்கள், ‘வெள்ளம் கொண்டு போய் விட்டது’ என்று விடை வரும். செய்தது எது என்பது முதல் சொல்லிலேயே வந்து விடுகிறது. வெள்ளத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தயங்காத நாக்கு, ஓர் ஆண்மகனின் பெயரைச் சொல்ல வந்தால் மட்டும் ஏன் மடங்கிக் கொள்கிறது?

தமிழுக்கு இது இயல்பா என்றால், இல்லை. ‘கைவிடு’ என்பது நம் பழஞ்சொல். அதில் கை இருக்கிறது. கை இருந்தால் கைக்கு உரியவன் இருக்கிறான். பிடித்த கையே விட முடியும். ஆகவே முன்னே ஒரு பிடிப்பு இருந்தது என்பதையும் அச்சொல் சான்று கூறி நிற்கிறது. இரண்டு சிறு சொற்கள் கூடி ஒரு முழு வழக்கையே எழுதி வைத்து விடுகின்றன.

குறுந்தொகையில் 54ஆம் பாட்டைப் படித்தவர் இதை மறுக்கமாட்டார். பாடியவரின் இயற்பெயர் மறைந்து, பாட்டிலுள்ள தூண்டில் உவமையே அவருக்கு மீனெறி தூண்டிலார் என்ற பெயரைத் தந்தது. தினைப்புனம் காப்போர் கவண் வீசுகின்றனர். அவ்வொலிக்கு வெருவிய காட்டுயானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலை விட்டு விடுகிறது. விடுபட்ட மூங்கில், மீனைக் கவ்விய தூண்டிற்கோலைச் சுண்டினாற்போல் விசும்பு நோக்கி எழுகிறது. அத்தகைய காட்டுக்கு உரியவனோடு என் நலன் அங்கேயே தங்கிற்று, நான் மட்டும் இங்கே இருக்கிறேன் என்கிறாள் தலைவி. யானை மூங்கிலை விடும் அச்செயலுக்குப் புலவர் இட்ட சொல் ‘கைவிடு’ என்பதே.

யானைக்குக் கைம்மா என்று பெயர், துதிக்கையும் கைதான். ஆகவே அங்கே அச்சொல் உருவகம் ஆகவில்லை; உள்ளபடியே ஒரு கை ஒன்றை விடுகிறது. அதைப் படிப்பவன் நெஞ்சிலோ, தலைவியை விட்டுப்போன வேறொரு கை தோன்றுகிறது. இறைச்சி, உள்ளுறை என்று உரையாசிரியர் ஆயிரம் சொல்லட்டும். நமக்குப் படுவது இது: அந்தப் பெண் தனக்கு எந்தப் பட்டமும் சூட்டிக்கொள்ளவில்லை. ‘யான் இங்கே இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்கிறாள். விட்டது எது என்று காட்டுகிறாள். அது ஏன் விட்டது என்பதையும் காட்டி விடுகிறாள்: அச்சம்! எவனோ எறிந்த கவண் கல்லின் ஓசைக்கு அஞ்சி விட்டது அப்பெருவிலங்கு. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியும், உறவினர் முணுமுணுப்புக்கு அஞ்சியும், சாதிச் சொந்தத்தின் கண்ணுக்கு அஞ்சியும் கட்டியவளைக் கைவிட்ட மாவீரர்களை நாம் அறியமாட்டோமா?

வள்ளுவர் நட்பாராய்தலில், 799ஆம் குறளில், இதே சொல்லைக் கையாள்கிறார். கெடுகின்ற காலத்தில் கைவிடுவோரின் நட்பு, சாகும் வேளையில் நினைத்தாலும் நெஞ்சைச் சுடும் என்பது அதன் கருத்து. அங்கும் எழுவாய் தெளிவு. விடுபவர் யார் என்பதிலிருந்து வாக்கியம் தொடங்குகிறது. விடப்பட்டவனுக்கு அவர் ஓர் இழிபெயரும் சூட்டவில்லை.

அப்படியானால் கறை எங்கிருந்து படிந்தது? பழி முழுவதையும் பிற்காலத்தின்மீது போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. அகப்பொருள் இலக்கணம் வகுத்தோர் பிரிவுகளைப் பட்டியலிட்டபோது, ஓதற்குப் பிரிதல், பகைமேற் பிரிதல், தூதிற் பிரிதல், பொருள்வயிற் பிரிதல் என்ற வரிசையில் பரத்தையிற் பிரிவையும் உட்கார வைத்தனர். கற்கப் போனவனும் பரத்தை வீட்டுக்குப் போனவனும் இலக்கணத்தில் ஒரே பந்தியில்! எல்லாம் ‘பிரிவு’. பிரிவு என்றால் திரும்புவான் என்ற பொருள் தொக்கி நிற்கிறது. அவள் கதவருகே காத்திருக்க வேண்டும். திரும்பியவனிடம் ஊடலாம், ஊடலுக்கும் அளவு உண்டு, உப்பைப் போல. கைவிடல் என்று அழைக்க வேண்டிய ஒன்றைப் பிரிவு என்று அழைத்ததால், குற்றம் ஒழுக்கமாயிற்று. மருதத்திணைக்கு உரிப்பொருளைத் தரும் வாய்ப்பும் ஆயிற்று. மருதப் பாடல்களின் அழகில் நாம் மயங்காதவர்கள் அல்லர். அந்த அழகு எவள் கண்ணீரில் நனைந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

இலக்கணப் புலவர் விட்டதை இன்றைய கணக்கெடுப்பாளர் பிடித்துக்கொண்டார். மக்கள்தொகைக் கணக்கில் ‘பிரிந்து வாழ்வோர்’ என்று ஒரு கட்டம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்திய நாட்டில் அக்கட்டத்தில் நின்ற பெண்கள் 23 லட்சத்துக்கு மேல். மணவிலக்குப் பெற்ற பெண்களோ சுமார் 9 லட்சம். பிரிந்து வாழும் ஆண்கள் எத்தனை பேர்? பெண்களின் தொகையில் ஏறத்தாழப் பாதி! பிரிவுக்கு இருவர் வேண்டும் என்பது நம் சிறு அறிவு. மீதிப் பாதி ஆண்கள் எங்கே போயினர்? வேறொருத்தியோடு குடித்தனம் அமைத்துக்கொண்டு, ‘மணமானவர்’ என்ற கட்டத்தில் கம்பீரமாகக் காலை நீட்டி அமர்ந்திருப்பர் என்றே நாம் கருதுகிறோம். ‘பிரிந்து வாழ்வோர்’ என்ற சொல், இருவரும் இசைந்து கைகுலுக்கி விலகியதைப் போல ஒரு மாயத்தோற்றம் காட்டுகிறது. எண்கள் அந்த மாயத்தைக் கிழிக்கின்றன.

இன்னொரு வகைச் சொற்கள் உண்டு. அவை இதைவிடக் கொடியன. கேட்பாரற்ற, ஆதரவற்ற, நாதியற்ற என வாலில் ‘அற்ற’ சுமந்து வருபவை. அற்றது என்றால் தானே அற்றதா, எவரேனும் அறுத்தனரா? சொல் வாய் திறவாது. இவற்றுக்கெல்லாம் மூத்த அண்ணன் ‘அநாதை’. வடமொழியில் நாதன் என்றால் தலைவன், உடையவன். அநாதன் உடையவன் இல்லாதவன். ஒரு மனித உயிருக்கு உடையவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும், இல்லையேல் அவ்வுயிர் குறையுடையது என்ற கோட்பாட்டை மடியில் கட்டிக்கொண்டு வந்த சொல் அது. அதனாற்றான் ‘அநாதையாக நின்ற சைக்கிள்’ என்றும் ‘அநாதைக் குழந்தை’ என்றும் ஒரே மூச்சில் செய்தி எழுத முடிகிறது! சைக்கிளுக்கு உடையவன் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். குழந்தைக்குமா?

சட்டம் இவ்வகையில் நம் செய்தித்தாள்களைவிட நுட்பமாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மூன்று குழந்தைகளைப் பிரித்துக் காட்டுகிறது: பெற்றோர் இல்லாத குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, ஒப்படைக்கப்பட்ட குழந்தை. தாங்கவொண்ணாச் சூழ்நிலையால் தாய் முறைப்படி ஒப்படைத்தால் அது கைவிடல் ஆகாது; மனம் மாறித் திரும்பப் பெறவும் இரண்டு மாத காலம் உண்டு. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனி மாவட்டத்துக்கும் விரிந்தது. அந்தத் தொட்டிலில் குழந்தையை இட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தவளை ‘கல்நெஞ்சத் தாய்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிடுவோர், அவளை அந்த நிலைக்குத் தள்ளிய தந்தையின் நெஞ்சம் எப்பொருளால் ஆனது என்று ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. தாய்க்கு வந்தால் எழுவாய் உண்டு. தந்தைக்கு வந்தால் ‘அற்ற’ உண்டு. நம் மொழிநடையின் நீதி இது!

அரசின் ஏட்டிலிருந்து ஒன்றைப் பாராட்டவும் வேண்டும். 1986இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஓய்வூதியத் திட்டம் ஒன்று ‘கணவனால் கைவிடப்பட்ட’ பெண்களுக்கு உரியது. ‘கணவனால்’! மூன்றாம் வேற்றுமை உருபு ஒன்று எத்தனை பெரிய உண்மையைத் தாங்குகிறது பாருங்கள். செயப்பாட்டு வினைதான், எனினும் செய்தவன் அதற்குள் நிற்கிறான். ஊர் மறைத்தவனை உருபு பிடித்து இழுத்து வந்துவிட்டது. பாராட்டு அத்தோடு முடிகிறது. மணவிலக்கோ பிரிவுச் சான்றோ நீதிமன்றத்தில் பெறாதவள், குறைந்தது 5 ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்தால்தான் உதவி. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மணவிலக்குக் கோருவதற்கு 2 ஆண்டுக் கைவிடல் போதும். உறவை அறுக்க இரண்டு. உணவு பெற ஐந்து! ஐந்தாண்டும் விட்டவனிடம் எவரும் சான்று கேட்பதில்லை. விடப்பட்டவள்தான் தாளைச் சுமந்து அலைகிறாள்.

போடியிலிருந்து அதே மலைத்தொடரைத் தெற்கே தொடர்ந்து சென்றால் கம்பம், கூடலூர். கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோட்டம். மதுரையை எரித்துவிட்டு வைகையின் கரைவழி மேற்கே நடந்து மலையேறிய கண்ணகி, வேங்கை நிழலில் நின்ற இடம் இதுவே என்று 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் எடுத்துரைத்தார். இரு மாநில எல்லைச் சிக்கலில் அகப்பட்டு, ஆண்டில் சித்திரை முழுநிலவு நாள் ஒன்றில் மட்டும் மக்கள் சென்றுவரும் இடமாக அது இருக்கிறது. ‘கேட்பாரற்றுக் கிடக்கும் கண்ணகி கோட்டம்’ என்று ஆண்டுதோறும் எழுதுகின்றனர். கேட்காதவர் யார் யார் என்று எழுதினால் கட்டுரை நீளும் போலும்!

நாம் சொல்ல வந்தது கோட்டத்தைப் பற்றி அன்று, கண்ணகியைப் பற்றி. அவளுக்கு நாம் சிலை எடுத்தோம், 1968இல், சென்னைக் கடற்கரையில். கையில் சிலம்பு. மன்னனை நோக்கிய சீற்றம். மேடைதோறும் அந்தச் சீற்றத்தைப் பாடினோம், பாடத்தக்கதுதான். ஆனால் அவளுக்கு இழைக்கப்பட்ட முதல் அநீதி மதுரையில் நிகழவில்லை, புகாரில் நிகழ்ந்தது. அதைச் செய்தவன் பாண்டியன் அல்லன். அந்த அநீதியைப் பற்றி அவள் பேசியதை நாம் பாடியதுண்டா?

பேசினாள்! கொலைக்களக் காதையைப் புரட்டுங்கள். ஆயர் சேரியில், மாதரியின் இடத்தில், தன் கையால் சமைத்து உணவிட்ட பின், கோவலன் தன் தவற்றை எண்ணி வருந்துகிறான். அப்போது அவள் சொல்கிறாள்: அறவோரைப் பேணலும் விருந்தினரை எதிர்கொள்ளலும் நான் இழந்தேன், உம் பெற்றோர் வந்தபோது பொய்ச்சிரிப்பால் என் துயரை மறைத்தேன், அதை உணர்ந்து அவர்கள் வருந்தினர், சான்றோர் போற்றாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர். முன்னிலை வினைமுற்று! முகத்துக்கு நேரே, எழுவாயை விட்டு நழுவாமல், அந்த ஒரு கூற்று. அரசவையில் அவள் இட்ட முழக்கத்துக்குக் குறைந்ததன்று இந்தத் தணிந்த குரல். அடுத்த அடியிலேயே ‘உம் சொல்லை மாற்றாத வாழ்வினேன், ஆகவே எழுந்து வந்தேன்’ என்று அவள் முடிப்பதையே பற்றிக்கொண்டு, கற்புக்கு இலக்கியம் என்று கரைந்துருகினர் உரைகாரர். அதற்கு முந்திய அடி அவர்கள் கண்ணில் படவில்லை. இளங்கோவடிகள் இரண்டையுமே எழுதினார். படிப்போர்தாம் ஒன்றை விட்டனர். (இங்கும் பாருங்கள், ‘விடப்பட்டது’ என்று எழுதத்தான் நம் பேனாவும் முதலில் ஓடியது!)

நம் கதாசிரியர்களைப் பற்றியும் ஒரு சொல். வாழாவெட்டியான தங்கை, அவளுக்காக உருகும் அண்ணன், ஊமைக் கண்ணீர் வடிக்கும் தாய் என்று எத்தனை கதைகள், எத்தனை படங்கள்! இரங்கத்தான் எழுதுகின்றனர், இகழ எழுதவில்லை. ஆயினும் இரக்கம் என்ற வெல்லத்துக்குள் வைத்து அந்தச் சொல்லை ஊட்டும்போது அது எளிதாக இறங்கி விடுகிறது. தங்கை வாழாவெட்டி ‘ஆனாள்’ என்று எழுதுவது எளிது. மைத்துனன் அவளை விட்டுப் போனான், இன்ன ஊரில் இன்ன வேலையில் நலமாக இருக்கிறான் என்று எழுதினால், கதை அவன் வீட்டு வாசலுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே போகும் கதை நமக்கு வேண்டும்.

ஏலக்காய் பொறுக்கும் பெண்களிடம் திரும்புவோம். அவர்கள் ‘கைவிடல்’ என்ற சொல்லை அறிவர், வழங்குவது அரிது. அவர்கள் வாயில் வருவது ‘விட்டுட்டுப் போயிட்டான்’. கொச்சை என்று புலவர் முகம் சுளிக்கலாம். அந்தக் கொச்சையின் கடைசியில் ‘ஆன்’ என்று ஆண்பால் விகுதி நிமிர்ந்து நிற்கிறது; குறுந்தொகைத் தலைவியும் கண்ணகியும் பேசிய நேர்நடை அது. அதே பெண் உதவி கேட்டு எந்த ஊர் வட்டாட்சியர் அலுவலக வாசலுக்குப் போனாலும், மரநிழலில் மனு எழுதுபவர் ஒருவர் இருக்கிறார். அவள் ‘விட்டுட்டுப் போயிட்டான்’ என்கிறாள். அவர் அழகிய கையெழுத்தில் ‘ஆதரவற்ற நிலையில் வாழ்ந்து வருகிறேன்’ என்று எழுதிப் படித்துக் காட்டுகிறார். ‘அவன் விட்டுட்டுப் போனதை எழுதலையே?’ என்று அவள் கேட்பாளாயின், அடித்து எழுத அந்தத் தாளில் இடம் இருக்கிறது.